நூறு ரூபாயில் இருபது காசு!

ஐந்து ஆண்டுகளுக்கு 10,371 கோடியே 92 லட்சம் ரூபாய். செயற்கை நுண்ணறிவுத் துறையை நாட்டில் வளர்ப்பதற்காக 'இந்தியா ஏ.ஐ. மிஷன்' என்ற திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2024 மார்ச் மாதம் ஒப்புதல் அளித்த தொகை இது.

கோடிக் கணக்கைக் கேட்டால் சாமானியனுக்குத் தலை சுற்றும். ஆகவே இத்தொகையை 100 ரூபாயாகச் சுருக்கி, மளிகைக் கணக்குப் போல எழுதிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் சக்திக்கு 44 ரூபாய். புதிய மாடல்களை உருவாக்கும் மையத்துக்கு 19 ரூபாய். புதுத் தொழில் தொடங்குவோருக்கு 18 ரூபாய் 73 காசு. பயிற்சிக்கு எட்டரை ரூபாய். பயன்பாடுகளை உருவாக்க 6 ரூபாய் 64 காசு. தகவல் தொகுப்புகளைத் திரட்ட 1 ரூபாய் 92 காசு.

பட்டியலின் கடைசியில் ஓர் இனம் இருக்கிறது. 'பாதுகாப்பான, நம்பத்தகுந்த செயற்கை நுண்ணறிவு' என்பது அதன் பெயர். அதற்கு ஒதுக்கப்பட்டது 20 கோடியே 46 லட்சம் ரூபாய். அதாவது, நூறு ரூபாயில் ஏறத்தாழ 20 காசு!

இந்த இயந்திரங்கள் யாருக்கு நன்மை செய்யும், யாரைக் கைவிடும், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தேடும் ஆராய்ச்சிக்கான பணம் இது. இருபது காசு போதுமா? போதாது என்றால் மீதி எங்கிருந்து வரும்? அந்தப் பணத்தைக் கொடுப்பவர், விடையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட மாட்டாரா? பல்கலைக்கழகங்களில் இன்று எழுந்துள்ள கேள்விகள் இவை.

ரேகை பதியாத விரல்கள்

இது படித்தவர்களின் வீண் விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவருக்கும் இதில் பங்கு உண்டு.

ரேஷன் கடைகளில் விரல் ரேகைக் கருவிகள் வந்தபோது, போலி அட்டைகள் ஒழியும், கள்ளக் கணக்கு தீரும் என்று சொல்லப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் செங்கல் சுமந்தும் பாத்திரம் தேய்த்தும் காய்த்துப்போன விரல்களைச் சில சமயம் கருவி ஏற்பதில்லை. சில ஊர்களில் சிக்னல் கிடைப்பதில்லை. அரிசி கடைக்குள் இருக்கிறது; அட்டைதாரர் வாசலில் நிற்கிறார்; நடுவே 'பொருந்தவில்லை' என்று கருவி சொல்கிறது.

இதனால் உண்மையில் எவ்வளவு பேர் பாதிக்கப்பட்டார்கள்? ஜார்க்கண்ட் மாநிலத்தில், மாநில அரசின் ஒத்துழைப்புடன் பொருளாதார அறிஞர்கள் இதை அளந்து பார்த்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தைச் சேர்ந்த கார்த்திக் முரளிதரன் அவர்களில் ஒருவர். 2020-ல் வெளிவந்த அந்த ஆய்வு இரு தரப்பாரையும் யோசிக்க வைத்தது. ஆதார் எண்ணை அட்டையுடன் இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்து வந்த பொருளின் மதிப்பு, ரேகைச் சோதனை கட்டாயமான பிறகு, சராசரியாக நூற்றுக்குப் பத்து பங்கு குறைந்தது என்று அது கண்டது. அதற்கு ஈடாகத் திருட்டுக் கணக்கு பெரிதாகக் குறைந்துவிட்டதா என்றால், தொடக்கத்தில் அப்படியும் இல்லை.

இத்தகைய ஆராய்ச்சியின் பயன் இதுதான். கருவி நல்லது என்று ஒருவர் கூறுவார். கெட்டது என்று இன்னொருவர் கூறுவார். எண்ணிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கருவியை விற்றவர் அதைச் செய்ய முடியாது. வாங்கி வைத்த இலாகாவும் செய்யத் தயங்கும். இரண்டுக்கும் வெளியே நிற்கும் பல்கலைக்கழகம்தான் அதற்கு ஏற்ற இடம். ஆனால் அங்கும் எண்ணுவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

அமெரிக்கா போட்ட கணக்கு

விஞ்ஞானத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, அந்த விஞ்ஞானத்தின் விளைவை ஆராயவே எடுத்து வைப்பது புதிய யோசனை அல்ல. மனித மரபணுக்கள் முழுவதையும் படித்தறியும் மாபெரும் திட்டத்தை அமெரிக்கா தொடங்க இருந்த சமயம். மரபணுவின் அமைப்பைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் 1988-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். திட்டப் பணத்தில் ஒரு பகுதி நீதி, சட்டம், சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்குப் போகும் என்று அப்போதே அறிவித்தார்.

திட்டம் 1990-ல் தொடங்கியபோது நூற்றுக்கு 3 என்று இருந்த பங்கு, பின்னர் நூற்றுக்கு 5 ஆக உயர்ந்தது. தத்துவப் பேராசிரியர்களும் வக்கீல்களும் சமூகவியல் அறிஞர்களும் அந்தப் பணத்தில் ஆராய்ச்சி செய்தார்கள். அவர்கள் முன் இருந்த கேள்விகளில் முக்கியமான ஒன்று எல்லோருக்கும் புரியக்கூடியது. ஒருவருடைய ரத்தத்தைச் சோதித்து, 'இவருக்கு நாளை இந்த நோய் வரலாம்' என்று தெரிந்துகொண்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பாலிசி மறுக்கலாமா? முதலாளி வேலை மறுக்கலாமா?

இதுபற்றி ஒரு பணிக்குழு 1993-ல் அறிக்கை தந்தது. சட்டம் வர மேலும் 15 ஆண்டுகள் பிடித்தன. மரபணுவைக் காட்டி மருத்துவ இன்ஷூரன்சும் வேலையும் மறுக்கக் கூடாது என்ற சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் 2008 மே மாதம் கையெழுத்திட்டார். ஆயுள் இன்ஷூரன்ஸ் அதில் சேரவில்லை என்பது ஒரு குறை. ஆயினும் சோதனைகள் கடைத்தெருவுக்கு வருவதற்கு முன்பே கேள்விகள் எழுந்துவிட்டன. அவற்றை அறிந்த ஒரு தலைமுறை அறிஞர்களும் உருவாகிவிட்டார்கள். இது அந்த 5 டாலரின் பலன்.

இன்னொரு பக்கமும் உண்டு. திட்டத்தின் பணத்திலேயே திட்டத்தை விமர்சிப்பது எப்படி என்று அன்றே சிலர் கேட்டார்கள். அறிக்கைகள் குவிந்தன, ஆனால் அவற்றை அரசு ஏற்றே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. பணத்தை ஒதுக்கிய வாட்சனே பின்னாளில் இனங்களின் அறிவைப் பற்றித் தகாத பேச்சுப் பேசி, 2019-ல் தமது ஆராய்ச்சிக் கூடம் அளித்திருந்த கௌரவப் பட்டங்களை இழந்தார். தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பி இருப்பதைவிட, விதியாக எழுதி வைப்பதே மேல் என்பதற்கு அவரே சாட்சி ஆகிவிட்டார்.

அமெரிக்கக் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? நூற்றுக்கு 3 என்றால் 311 கோடி ரூபாய். நூற்றுக்கு 5 என்றால் 518 கோடிக்கு மேல். இங்கே ஒதுக்கப்பட்டதோ 20 கோடியே 46 லட்சம்.

"கம்ப்யூட்டர்களின் விலை அதிகம், யோசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மரபணுத் திட்டத்திலும் விலை உயர்ந்த கருவிகள் இருந்தன. அப்படி இருந்தும் அங்கே 5 டாலர் எடுத்து வைக்க முடிந்தது.

பெங்களூரில் இல்லாதது எது?

இந்த ஆராய்ச்சிக்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையிலும், மைசூர் மகாராஜா அளித்த நிலத்திலும் 1909-ல் உருவான இந்திய விஞ்ஞானக் கழகம் இங்கே இருக்கிறது. கொள்கை ஆராய்ச்சிக்கென்று மத்திய விஞ்ஞானத் துறையின் உதவியுடன் அதில் ஒரு மையமும் உண்டு. பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி.ராவ் 1972-ல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. விஞ்ஞானத்தையும் சமூகத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்று ஜே.ஆர்.டி.டாட்டா 1988-ல் நிறுவிய தேசிய உயர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதே ஆண்டில் வகுப்புகளைத் தொடங்கிய தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள தகவல் தொழில்நுட்பக் கழகத்தில், கருவிகளின் அறநெறியை ஆராய, கர்நாடக அரசின் ஆதரவுடன் ஒரு மையம் ஏற்பட்டது.

அந்தரங்கம் என்பது குடிமகனின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி ஒருமனதாகக் கூறினார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவரும் பெங்களூர்க்காரரே. கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி 2012-ல் மனுச் செய்தபோது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். தீர்ப்புக்குப் பிறகு தகவல் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆயிற்று. அதன் விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆயிற்று. வழக்குத் தொடுத்தவர் 2024 அக்டோபரில் காலமானார். விதிகளைப் பார்க்க அவர் இல்லை.

சட்டம் தாமதமாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. சட்டத்தை எழுதுவோருக்கு வேண்டிய ஆதாரங்களைத் திரட்டித் தரும் ஆராய்ச்சி முன்கூட்டியே நடக்காததும் அவற்றில் ஒன்று.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா?

சட்டம் விரைவாக வந்த ஓர் உதாரணமும் கர்நாடகத்திலேயே இருக்கிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நகரின் மற்ற மூலைகளிலும் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞர்களைத் தினமும் பார்க்கலாம். இன்று எத்தனை ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூலி, யாருக்கு வேலை நிறுத்தம் என்பதை அவர்களுடைய மேஸ்திரி தீர்மானிப்பதில்லை. கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. கூலி குறைந்தால் யாரைக் கேட்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

இவர்களுக்காகக் கர்நாடக அரசு 2025-ல் ஒரு சட்டம் இயற்றியது. நல நிதிக்காகக் கம்பெனிகளிடம் கட்டணம் வசூலிக்கவும், தானாக இயங்கும் அந்தக் கணக்கு முறை தொழிலாளியை எப்படிப் பாதிக்கிறது என்பதை அவருக்குத் தெரிவிக்கவும் அது வழி செய்கிறது.

நல்ல சட்டம். ஆனால் ஒரு கம்பெனி, 'எங்கள் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது' என்று ஒரு காகிதத்தை நீட்டினால், அது உண்மையா என்று பார்ப்பது யார்? லேபர் ஆபீசர் கம்ப்யூட்டர் நிபுணர் அல்ல. கம்ப்யூட்டர் நிபுணருக்குத் தொழிலாளர் சட்டம் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகம். எஞ்சினீயரிங், சட்டம், பொருளாதாரம் ஆகிய மூன்று துறைகளும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய வேலை இது. ஒரு துறைக்கென்றே பணம் ஒதுக்கிப் பழகிய முறையில், மூன்றுக்கும் பொதுவான வேலை யாருடைய கணக்கிலும் சேராமல் நின்றுவிடுகிறது.

கொடையாளியும் கேள்வியும்

அரசு கை நீட்டாத இடத்தில் கம்பெனிகள் கை நீட்டுகின்றன. ஜெர்மனியில் மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவின் அறநெறியை ஆராய ஒரு மையம் அமைக்க, ஐந்தாண்டுகளுக்கு 75 லட்சம் டாலர் தருவதாக பேஸ்புக் 2019 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு நிதி முதலீட்டாளர் ஸ்டீபன் ஸ்வார்ஸ்மன் 15 கோடி பவுண்ட் கொடுத்தார். அதில் உருவானவற்றுள் ஓர் அறநெறி ஆய்வு மையமும் உண்டு. இந்தியாவில், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கான மையத்துக்கு 10 லட்சம் டாலர் தருவதாக கூகுள் 2022 டிசம்பரில் தெரிவித்தது.

இவையெல்லாம் கெட்ட எண்ணத்துடன் தரப்பட்டவை என்று சொல்வதற்கில்லை. தனியார் கொடையே கூடாது என்றால் பெங்களூரில் விஞ்ஞானக் கழகமே இருந்திராது. ஆனால் டாட்டா தம் ஆலைகளின் குறைகளைச் சோதித்துச் சொல்வதற்காக அதை ஏற்படுத்தவில்லை. இங்கோ, யாருடைய பொருளைச் சோதிக்க வேண்டுமோ அவரே சோதிப்பவருக்குச் சம்பளம் தருகிறார். வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

சரித்திரத்தில் இதற்கு ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் வரத் தொடங்கியதும், அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் 1954 ஜனவரியில் பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் கொடுத்து, உண்மையைக் கண்டறியத் தாங்களே ஆராய்ச்சிக்கு நிதி தருவதாக அறிவித்தன. விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் பணம் போயிற்று. பொய் எழுதச் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. சிகரெட்டைத் தவிர மற்ற காரணங்களை ஆராய்பவருக்குப் பணம் தாராளமாகக் கிடைத்தால் போதும். சந்தேகம் தானாக வளரும். 1998-ல் மாநில அரசுகளுடன் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகே அந்த ஆராய்ச்சி அமைப்பு கலைக்கப்பட்டது.

இந்தப் பழைய கதையைப் புதிய கம்பெனிகளோடு ஒப்பிட்டு, முகமது அப்தல்லா, முஸ்தபா அப்தல்லா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட அமெரிக்காவின் நான்கு பெரிய பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் பேராசிரியர்களின் நிதி ஆதாரங்களை அவர்கள் தேடிப் பார்த்தார்கள். விவரம் தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளிடம் நிதி பெற்றிருந்தார்கள். அறநெறி பற்றி ஆராய்பவர்களும் அதற்கு விலக்காக இல்லை.

அப்படியானால் வழியே இல்லையா? ஒரு நடுவழி சோதித்துப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான அமைப்பு, அமேசான் கம்பெனியுடன் சேர்ந்து, கம்ப்யூட்டர் தீர்ப்புகளில் நியாயம் என்ற பொருளில் ஆராய்ச்சி செய்ய மூன்று ஆண்டுகளுக்கு 2 கோடி டாலர் என்று 2019-ல் திட்டமிட்டது. பாதி பணம் அரசுடையது, பாதி கம்பெனியுடையது. ஆனால் யாருக்குப் பணம் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அரசு அமைப்பிடமே இருந்தது. இதற்கும் கண்டனம் எழாமல் இல்லை. ஆயினும் கொடுப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற கோட்பாடு அதில் காப்பாற்றப்பட்டது.

கதவு திறந்திருக்கிறது

இந்தியாவில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது உண்மை ஆகாது. இருபது காசு இனத்தின் கீழ் 2024 அக்டோபரில் எட்டு ஆராய்ச்சித் திட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரு முறை படித்துவிட்ட தகவலை இயந்திரம் மறக்கச் செய்வது எப்படி என்பது ஜோத்பூர் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சி. மருத்துவத்தில் இயந்திரம் பாரபட்சம் காட்டாமல் தடுப்பது ராய்ப்பூர் என்.ஐ.டி.யின் ஆராய்ச்சி. அந்தரங்கத்தைக் காக்கும் முறைகளை ஆராயும் குழுவில் கர்நாடகத்தின் தார்வாட் ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பு ஏற்படுத்தப்படும் என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது.

இந்தப் பட்டியலில் பெரும்பகுதி கருவிகள் செய்யும் வேலை. கருவிகள் வேண்டியவைதான். ஆனால் 'இந்த இடத்தில் இயந்திரத்தையே வைக்கலாமா, கூடாதா' என்ற கேள்விக்குக் கருவி பதில் சொல்லாது. அதற்குக் கிராமத்துக்குப் போய் ரேஷன் கடை வாசலில் உட்காரும் ஆராய்ச்சியாளர் வேண்டும்.

அதற்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2023-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனச் சட்டத்தில், இயற்கை விஞ்ஞானம், எஞ்சினீயரிங் ஆகியவற்றோடு, விஞ்ஞானத்தைத் தொட்டு நிற்கும் சமூகவியல், மானிடவியல் துறைகளும் குறிப்பிடப்பட்டுள்ளன. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது குறி. அதில் அரசின் பங்கு 14,000 கோடி. எஞ்சிய 36,000 கோடி தனியார் துறை முதலிய மற்ற வழிகளில் வர வேண்டும். ஆகவே அந்தப் பணம் எந்த நிபந்தனையோடு வரும் என்பது சின்ன விஷயமல்ல.

செய்ய வேண்டியவை பெரிய மர்மம் ஒன்றுமல்ல. ஒவ்வொரு பெரிய தொழில்நுட்பத் திட்டத்திலும் அதன் சமூக விளைவை ஆராய ஒரு பங்கு என்று விதியிலேயே எழுதி வைக்கலாம். கம்பெனி பணம் பொதுப் பெட்டியில் விழட்டும். தேர்வு அறிஞர் குழுவிடம் இருக்கட்டும். யார் யாரிடம் எவ்வளவு பெற்றார் என்பதைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிடட்டும். பாதகமான முடிவானாலும் ஆராய்ச்சியாளர் அதை அச்சிடத் தடை இருக்கக் கூடாது. முடிவுகள் ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் கன்னடத்திலும் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வர வேண்டும். யாருடைய விரலைப் பற்றிய ஆராய்ச்சியோ, அவர் படிக்க முடியாத ஆராய்ச்சியால் அவருக்கு என்ன பயன்?

வீடு கட்டுபவர் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் அது இல்லாமல் எழுப்பிய சுவர் கோணிக்கொண்டால், இடித்துக் கட்டும் செலவு யார் தலையில் விழும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். செயற்கை நுண்ணறிவு என்ற இந்தப் பெரிய வீட்டில் சுவர் கோணினால் அதன் அடியில் முதலில் நிற்பவர், ரேஷன் கடை வரிசையில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்ப்பவர்தான். நூறு ரூபாய்க் கணக்கில் அவருக்காக எடுத்து வைத்தது இன்று இருபது காசு. அது இரண்டு மூன்று ரூபாயாகவாவது உயர வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.